பித்தளைப் பட்டைக்கு இந்தப் பக்கம்

“அழிங்க” என்று காவலாளி சொன்னபோது கேமராவைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல் ஏற்கெனவே குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானின் மேல் இருந்தது.

ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒருமுறை கேட்டது, அழிக்கவா என்று. ஒவ்வொரு முறையும் அவர் ஆம் என்றார். பதினான்கு முறை. மழைத்துளி திரையில் விழுந்து எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியது. சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து அழித்தார்.

ஐந்தாறடி முன்னால் நின்றிருந்த சகலை, அவருடைய மனைவியின் தங்கை புருஷன், கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “நான் அழிக்க மாட்டேன்” என்றான்.

“பெரியவரே அழிச்சிட்டாரு. உனக்கு என்ன வந்துச்சு?” என்றான் காவலாளி.

“அவர் அழிச்சா அவர் படம் போச்சு. என் படம் ஏன் போகணும்?”

காவலாளி ஒரு எட்டு முன்னால் வந்தான். சகலையின் சட்டைக் காலரைப் பிடித்தான். பிடித்த பிறகு அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு விட்டான்.

அது ஒரு மேசை நாற்காலிக் கடை. அன்றோடு மூடினார்கள். அங்கே வேலை பார்த்த எட்டுப் பெண்களுக்குக் காலை பத்திலிருந்து இரவு எட்டுவரை உட்காரக் கூடாது என்பது விதி. விற்கிற நாற்காலியில் விற்கிறவள் உட்கார்ந்தால் அது பழையதாகிவிடும் என்பார் முதலாளி. அன்று லாரியில் ஏற்றுவதற்காகச் சரக்கைக் கடை முகப்பில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. லாரி வரவில்லை. எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள். ஒருத்தி குடையைத் தனக்குப் பிடிக்காமல் சோபாவுக்குப் பிடித்திருந்தாள், பழக்கதோஷம்.

மூன்றாம் நாள் அது பத்திரிகையில் வந்தது. சகலை எடுத்த படம்.

*

அவரை எல்லோரும் பாஸ்போர்ட் என்றே கூப்பிட்டார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்கவேண்டிய அளவில், ஒரு ஸ்டுடியோ. ஒரு முக்காலி, வெள்ளைத் திரை, சீப்பு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. பாஸ்போர்ட்டுக்கு, அடையாள அட்டைக்கு, விண்ணப்பங்களுக்கு முகம் எடுப்பார். தாடையை எவ்வளவு இறக்கினால் காது இரண்டும் சமமாகத் தெரியும் என்பது வாசலில் ஆள் வரும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

சகலைக்குப் பால் விநியோக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. படம் எடுப்பது அவன் தொழில் இல்லை. அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. வரிசை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும் என்று அவர்தான் அவனைக் கூட்டிப்போனார். ‘சும்மா வச்சுக்குங்க’ என்று தன்னுடைய இரண்டாவது கேமராவை அவன் கழுத்தில் மாட்டியதும் அவர்தான். திரும்பும் வழியில்தான் அந்த மழையும் அந்தக் கடையும்.

அதை நினைக்கும்போதெல்லாம் அவர் விரல்விட்டு எண்ணுவார். கேமரா என்னுடையது. உள்ளே இருந்த நினைவக அட்டை என்னுடையது. மின்கலம்கூட முந்தின ராத்திரி நான் ஏற்றிவைத்தது. விரல் மட்டும் அவனுடையது.

இதற்காகத்தான் அவர் முதன்முதலில் சட்டப் புத்தகம் வாங்கினார். படம்பிடிப்போர் சங்கம் வெளியிட்ட சின்ன வெளியீடு, அறுபது பக்கம். கேமராவின் சொந்தக்காரனுக்குப் படத்தில் பங்கு உண்டா என்று தேடினார். மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. கிடையாது. கருவி யாருடையதானாலும், சும்மா பழக்கத்துக்கு எடுத்த படம் பொத்தானை அழுத்தியவனுக்குச் சொந்தம்.

வாங்கிவிட்ட கோபத்தில் மீதி ஐம்பத்தேழு பக்கத்தையும் படித்தார். பொது இடத்தில் நின்றுகொண்டு கண்ணுக்குத் தெரிவதை எடுக்கலாம். தன் சொந்த இடத்துக்குள் நிற்பவனை வெளியே போகச் சொல்லக் கடைக்காரனுக்கு உரிமை உண்டு. கேமராவைப் பிடுங்கவோ எடுத்த படத்தை அழிக்கச் சொல்லவோ அவனுக்கு உரிமை கிடையாது. அதற்கு நீதிமன்றம் சொல்லவேண்டும். இந்தப் பக்கத்தை நாலு முறை படித்தார். அந்தப் பதினான்கு ‘ஆம்’களையும் திரும்ப ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

மாமியார் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. யார் வந்தாலும் மாமியார், “இது சின்ன மாப்பிள்ளை எடுத்தது. வெளியூர்லேருந்தெல்லாம் கேட்டு எழுதுறாங்க” என்பாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, “பெரிய மாப்பிள்ளையும் படம் எடுக்கிறவர்தான். கடை வச்சிருக்கார்” என்று சேர்த்துக்கொள்வாள். இலை ஓரத்தில் உப்பு வைப்பதுபோல.

அந்தப் படம் கண்ணில் படாமல் இருக்க அதற்கு நேர் கீழே உள்ள நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் அவர் தலைக்கு மேலே பார்த்துப் பேசினார்கள்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. இடது மூலையில் பாதிச் செருப்பு ஒன்று வருகிறது. கடைப் பலகை இரண்டு டிகிரி சாய்ந்திருக்கிறது. இதையெல்லாம் அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

“சாய்ஞ்சா என்ன, பொம்பளைங்க யாரும் கீழ விழலையே” என்றாள் அவள்.

தன்னுடைய படம் எப்படி இருந்தது என்று அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. நடுவில் குடைக்காரி. அவள் நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். மற்ற ஏழு பேரும் இரண்டு பக்கமும் வரிசையாகச் சரிகிறார்கள். ஒரு சாய்வும் இல்லை. வருஷம் போகப்போக அந்தப் படம் இன்னும் நன்றாக ஆகிக்கொண்டு வந்தது.

அது முழுக்க அழிந்தும் போகவில்லை. அழித்த படம் அட்டையில் அப்படியே கிடக்கும், அதன்மேல் வேறு படம் எழுதப்படும்வரை. வழக்கமாகப் பிள்ளைகளின் முகங்களைக் கணினியில் ஏற்றியதும் அட்டையைத் துடைத்துவிடுவார். அன்று ஏனோ துடைக்கவில்லை. பத்திரிகையைப் பார்த்த காலையில் அட்டையைக் கழற்றி, பழைய ஃபிலிம் சுருள் டப்பா ஒன்றில் போட்டு மூடி, பணப்பெட்டிக்குப் பின்னால் வைத்தார். மீட்டுத் தரும் கடைகள் ஊரில் நாலு இருந்தன. எதற்கும் அவர் போகவில்லை. ஒருத்தனுக்குத் தொழில் தெரியாது. ஒருத்தன் படத்தைத் திருடிவிடுவான். இன்னொருத்தன் கடை வெயில் பக்கம் பார்த்து இருக்கிறது. இப்படியே பதினோரு வருஷம்.

*

அதற்குள் ஊரில் தெருப்படம் எடுக்கிறவர்கள் எல்லோருடைய கைபேசியிலும் அவர் எண் இருந்தது. ரயில் நிலைய வாசலில், வங்கி முன்னால், பெரிய வீட்டுச் சுவரோரத்தில் யாராவது பிடித்துவைக்கப்பட்டால், “பாஸ்போர்ட் அண்ணே, கேமராவப் புடுங்குறாங்க” என்று அழைப்பு வரும். முக்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் “தலை ஆடாம இருங்க, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒற்றைத் தாள், நாலு முறை படித்த அந்தச் சட்டப் பக்கம்.

போனதும் முதலில் கீழே பார்ப்பார். பிடிபட்டவனுடைய கால் எங்கே இருக்கிறது. நடைபாதையிலா, அவர்கள் இடத்திலா. உள்ளே இருந்தால், “முதல்ல இறங்கு. அது அவங்க உரிமை” என்று பையனையே அதட்டுவார். இறங்கிய பிறகுதான் தாளை எடுப்பார். காவலாளிகளுக்கு இது பிடித்திருந்தது. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இப்படி இருபத்தாறு பேருடைய படங்கள் பிழைத்தன. விட்டதும் ஒவ்வொருவரும் கேமராவைத் திருப்பி அவரிடம் காட்டுவார்கள். “இதுதாண்ணே.” அவர் பார்ப்பார். சிலது சாதாரணமாக இருக்கும். அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம் வரும்.

*

சகலையின் படங்கள் புத்தகமாக வரப்போவதாக மாமியார் வீட்டில் வைத்துச் சொன்னார்கள். சகலை அச்சுக்குப் போகும் தாள்களைக் கொண்டுவந்திருந்தான். முன்னுரையை மனைவியின் தங்கை சத்தமாகப் படித்தாள். அந்த மழை நாள் வந்தது. ‘பொது இடத்தில் நின்று படம் எடுப்பது என் உரிமை என்று சொன்னேன். என் பக்கத்தில் நின்றிருந்த உறவினர் பயந்து தன் படங்களை அழித்துவிட்டார்.’

படிப்பது நின்றது. மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

“பேர் போடல சகலை” என்றான் சகலை.

“உங்களுக்கு எத்தனை உறவினர் கேமராவோட நிக்கிறாங்க?” என்றார் அவர்.

“தப்பா எழுதல. உங்க அட்டை இன்னும் இருக்குல்ல? அதுலேருந்து உங்க படத்த மீட்டுட்டீங்கன்னா, ரெண்டு படத்தையும் எதிரெதிர் பக்கத்துல போட்டுடலாம். பதிப்பாளர்கிட்ட கேட்டுட்டேன். அந்த வரியும் வேண்டியிருக்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்தா போதும்.”

அடுத்த இரண்டு நாளும் அவர் விடியுமுன்பே கடைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் மனைவி கடைக்கே வந்துவிட்டாள்.

“என்னங்க, அந்த டப்பாவ எடுங்க.”

“அது தொடுற சமாச்சாரம் இல்ல.”

“பதினோரு வருஷமா அடைகாக்குறீங்க. குஞ்சா கூமுட்டையான்னு இன்னைக்குப் பார்த்துடலாம். எங்க அம்மா வீட்டுக்குப் போனா நீங்க அந்தச் சுவரப் பார்க்கிற பார்வையில சுண்ணாம்பே உதிருது.”

“நான் எங்க பார்க்கிறேன்? கீழதான் உக்கார்றேன்.”

“பார்க்காம இருக்கிறதுக்கு நீங்க படுற பாட்டத்தான் சொல்றேன்.”

அவர் டப்பாவை எடுத்தார்.

கைபேசி பழுதுபார்க்கும் கடையில் ஒரு பெண் அட்டையைச் செருகினாள். திரையில் பச்சைக் கோடு மெல்ல நீண்டது. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள்.

“இவங்கெல்லாம் இப்ப கல்யாணத்துக்கு நிப்பாங்க சார்” என்றாள்.

பிறகு சாம்பல் பட்டைகளாக ஐந்து. கடைசியில் ஒன்பது படங்கள் முழுசாக வந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

ஒன்பதிலும் சகலை இருந்தான்.

காலையிலிருந்து முந்நூறு முகம் எடுத்த கேமரா அது. மிக அருகில் உள்ள முகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்படி வைத்திருந்தார். மழையில் இறங்கி ஓடியபோது அதை மாற்றவில்லை. பாஸ்போர்ட் கை, கேமராவை நெட்டுக்குத்தாகத்தான் பிடித்திருந்தது. திரும்பியிருந்த அவன் பாதி முகம், காது, காதோர மயிர், மயிரின் நுனியில் ஒரு துளி, எல்லாம் ஊசிபோலக் கூர்மையாக விழுந்திருந்தன. தலையிலிருந்து கால்வரை முழு ஆள். பின்னால், கடைத்தூணை ஒட்டி, மூன்று பெண்கள் கலங்கலாகத் தெரிந்தார்கள். மற்ற ஐந்து பேரைத் தூண் மறைத்திருந்தது. குடையின் கால்வாசி இருந்தது. குடைக்காரி இல்லை.

“இதுல யார் சார் ஹீரோ? இந்தப் பச்சைச் சட்டையா?” என்றாள் அந்தப் பெண்.

அவர் திரையருகே குனிந்தார். இருபத்தாறு இடங்களில் முதலில் பார்த்ததையே இப்போதும் பார்த்தார். சகலையின் கால்களை.

கடை முகப்பின் பளிங்குத் தளம் முடிந்து நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு பித்தளைப் பட்டை பதித்திருந்தது. ஈரத்தில் மின்னியது. சகலையின் இரண்டு காலும் பட்டைக்கு அந்தப் பக்கம், ஒரு முழுக் கல் தள்ளி, கடைக்காரன் இடத்தில் இருந்தன.

“இதை மட்டும் அச்சுப் போட்டுக் கொடும்மா. பெரிசா” என்றார். பதினோரு வருஷத்தில் முதன்முறையாக அவருக்கு நன்றாகப் பசித்தது.

*

சகலை வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள் விரித்திருந்தன. “வாங்க மாமா” என்று மனைவியின் தங்கை ஒரு நாற்காலியைக் காலி செய்தாள். அவர் உட்காரவில்லை. உறையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

சகலை குனிந்து பார்த்தான். “அடேயப்பா, எனக்கு இவ்வளவு முடி இருந்துச்சா? இங்க வா, வந்து பாரு. நீ கட்டிக்கிட்ட ஆள் இவன்தான்.”

“முடிய விடுங்க சகலை. காலப் பாருங்க.”

சகலை பார்த்தான்.

“பித்தளை தெரியுதா? இதுவரைக்கும்தான் நடைபாதை. அதுக்கு அந்தாண்ட அவங்க இடம். பொது இடத்துல நின்னேன், என் உரிமைன்னு கேட்டவங்ககிட்டயெல்லாம் சொல்லியிருக்கீங்க. முன்னுரையில எழுதியிருக்கீங்க.”

“ஆமா” என்றான் சகலை.

“தெரிஞ்சே சொன்னீங்களா?”

“சத்தியமா கீழ பார்க்கல. வெளியிலேருந்து பார்த்தா தூண் மறைச்சது. எட்டுப் பேரும் தெரியற இடம் வரைக்கும் நடந்தேன். அவ்வளவுதான்.” படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தான். “நீங்க எங்க நின்னீங்க?”

“நான் பட்டைக்கு இந்தப் பக்கம்.”

“அதான் மூணு பேர்.”

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. தெருவில் இரண்டு பேர் படத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதுபோலச் சொன்னான். அவருக்கு முதுகில் யாரோ ஈரத்துணி போட்டதுபோல இருந்தது.

“அப்போ அந்த வாட்ச்மேன் அழிக்கச் சொன்னது சரிதானா?” என்று கேட்டாள் மனைவியின் தங்கை.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டில் சட்டம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னால் நம்புவார்கள். நாளைக்கே தாள்களை அள்ளிக் கட்டிவைத்துவிடுவார்கள். மாமியார் வீட்டுச் சுவரில் ஆணி மட்டும் இருக்கும்.

“இல்ல” என்றார். “இறங்குன்னு சொல்லலாம். சொன்னா இறங்கணும். அழின்னு சொல்ல முடியாது. உள்ள நின்னு எடுத்திருந்தாலும் முடியாது.”

“அப்போ படம்?”

“உங்க வீட்டுக்காரரோடதுதான்.”

சகலை பெருமூச்சுவிட்டான். பிறகு சிரித்தான். “அப்போ இதையே போட்டுடுவோம் சகலை. என் படம் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் இது. காலோட. நான் எங்க நின்னேன்னு கீழ நீங்களே ரெண்டு வரி எழுதுங்க. நான் பொய் சொன்ன மாதிரி இருக்கேன்னு பார்க்காதீங்க. எழுதுங்க. உங்க பேர் போட்டு.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் அவன் முகம் சுருங்குவதைத்தான் கற்பனை செய்துகொண்டு வந்தார். படத்தின்மேல் இருந்த பொறாமை பழகிப்போனது, வீட்டு நாய் மாதிரி. இவ்வளவு சுலபமாக ஒருத்தனால் கையை விரிக்க முடிகிறதே என்பது புதிது. இது கடித்தது.

அவர் படத்தை எடுத்து உறைக்குள் போட்டார்.

“கொடுக்கல” என்றார்.

“ஏன்?”

“இது நான் எடுத்தது. போடலாமா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும். போட வேண்டாம்.”

“மாமா...” என்றாள் மனைவியின் தங்கை.

“விடு” என்றான் சகலை. “அவர் படம். அவர் இஷ்டம்.” ஒரு தாளை இழுத்து, பேனாவை எடுத்தான். “அந்த வரிய அடிச்சிடறேன் சகலை. பயந்துங்கிறது வேண்டாம்.”

“இருக்கட்டும். பயந்துதான் அழிச்சேன்.”

பேனா நின்றது.

“ஒண்ணு மட்டும் மாத்திக்குங்க. ‘என் பக்கத்தில் நின்றிருந்த’ன்னு இருக்கில்ல. ‘நடைபாதையில் நின்றிருந்த’ன்னு போடுங்க.”

சகலை ‘என் பக்கத்தில்’ என்பதை அடித்து, மேலே ‘நடைபாதையில்’ என்று எழுதினான். எழுத்து சரியாக இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தார்.

*

மறுநாள் ஒன்பது மணிக்குக் கடை திறந்தார். முதலில் ஒரு கைக்குழந்தை. கண்ணைத் திறக்க இருபது நிமிஷம் ஆனது. அடுத்து வேலை விண்ணப்பத்துக்கு இரண்டு பேர். பதினொரு மணிக்குச் சகலை வந்தான். புத்தகத்தின் பின்னட்டைக்கு முகம் வேண்டும் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தாராம். முக்காலியில் உட்கார்ந்தான். அவர் தாடையை இறக்கச் சொன்னார். வலது தோளைச் சரிசெய்தார். மூன்று படம் எடுத்து, நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தார். காது இரண்டும் சமமாக இருந்தன. சகலை அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று போனான்.

ஒரு மணிக்கு மனைவி சாப்பாடு கொடுத்தனுப்பினாள். பிரிப்பதற்குள் அழைப்பு வந்தது. பேருந்துப் பணிமனை வாசலில் ஒரு கல்லூரிப் பெண்ணைப் பிடித்துவைத்திருந்தார்கள். தாளை எடுத்துக்கொண்டு போனார். அவள் நடைபாதையில்தான் நின்றிருந்தாள். கால் மணி நேரத்தில் விட்டார்கள். அவள் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். ஓட்டுநர் ஒருவர் பேருந்தின் பெரிய கண்ணாடியைப் பார்த்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். படம் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னார். கடைக்குத் திரும்பும்போது மணி இரண்டே கால். சாப்பாடு ஆறியிருந்தது. சாப்பிட்டார்.